மகரந்தமற்ற மலரின் வரலாறு



அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வரலாறு என்று நாம் படிக்கின்றோம். போர்க்களமும் முடிசூட்டு விழாவும் இல்லாத வரலாறுகளும் உலகில் உள. சிறு பூவொன்றின் உள்ளே தோன்றிய ஒரு குறைபாடு, மாந்தர் உணவைப் பெருக்கும் கருவியாக மாறியதும், பின்னர் அக்கருவியே ஒரு பெருநாட்டின் வயல்களை ஒரே கோடையில் பாழாக்கியதும் அத்தகைய வரலாறாகும். அதனைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். யான் விஞ்ஞானப் பட்டதாரி அல்லேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் ஊவா மலைகளில் வாழும் நமக்கு இவ்வரலாறு மிக அணித்தான ஒன்று என்பதனால் இதனை எடுத்துக்கொண்டேன்.

வெலிமடை, ஊவா பரணகமை, பண்டாரவளைப் பகுதிகளின் சரிவுகளில் கரட்டும் கோவாவும் லீக்சும் பீட்ரூட்டும் விளைவதை நேயர்கள் அறிவீர்கள். தோட்டங்களிலும் லயத்தின் ஓரத்தே கிடைக்கும் சிறு துண்டு நிலத்தில் மக்கள் காய்கறி பயிரிடுகின்றனர். இவற்றுக்கான விதையிற் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருகின்றது. அதில் கலப்பின விதையும் கணிசமாக உண்டு. கலப்பின விதையை ஒரு முறை வாங்கியவர் மறு போகத்துக்கும் கடைக்கே செல்லவேண்டியுள்ளது. விளைந்ததிலிருந்து விதை எடுத்து நட்டால் பயிர் முன்போல் ஒரே சீராக வருவதில்லை. இன்னும் சில வகைகளில் விதை எடுக்கவே இயல்வதில்லை. அச்செடியைப் பூக்கவிட்டு உற்று நோக்கினால், பூ இருக்கும், இதழ் இருக்கும், மகரந்தம் மட்டும் இராது.

மகரந்தம் எங்கே பிறக்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். தேயிலைப் பூவைக் காணாதவர் நம்மிடையே இலர். கவ்வாத்து வெட்டாது விடப்பட்ட செடியில் வெண்ணிறப் பூக்கள் மலர்ந்து தொங்கும். அதன் நடுவே மஞ்சள் நிறத்தில் அடர்ந்து நிற்கும் நூல் போன்றவையே கேசரங்கள். ஒவ்வொரு கேசரத்தின் நுனியிலும் மகரந்தக்கூடு உண்டு. அதனுள் விளையும் தூளே மகரந்தம். அதுவே தந்தையின் பங்கு. பூவின் மையத்திலுள்ள சூலகம் தாயின் பங்கு. ஒரே பூவில் இரண்டும் அமைந்திருப்பதே பெரும்பாலான செடிகளின் இயல்பு.

ஆயினும் இயற்கையில் சில செடிகள் இவ்வியல்பினின்றும் விலகி நிற்கின்றன. 1877ஆம் ஆண்டில் பூக்களின் வேறுபட்ட வடிவங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்ட சார்ள்ஸ் டார்வின், தைம் எனப்படும் வாசனைச் செடியில் இருவகைச் செடிகள் கலந்து வளர்வதை விரித்துரைத்தார். ஒருவகைச் செடியின் பூவில் கேசரமும் சூலகமும் செவ்வையாக அமைந்திருந்தன. மற்றொரு வகையில் கேசரம் நலிந்து, பெண் பகுதி மட்டுமே பயனுடையதாயிருந்தது. வியப்பு என்னவெனில், அப்பெண் செடிகளே மிகுதியான விதை தந்தன. இத்தன்மை எவ்வழியாக மரபில் வருகின்றது என்பது அக்காலத்தில் விளங்கவில்லை.

அதற்கான முதல் திறவுகோல் நம் வீட்டு முற்றங்களில் மாலையில் மலரும் அந்திமந்தாரையிலிருந்து கிடைத்தது. 1909ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் கார்ல் கொறன்ஸ், பச்சையும் வெண்மையும் கலந்த இலைகளையுடைய அந்திமந்தாரையை ஆராய்ந்தார். பச்சைக் கிளையிற் பூத்த பூவின் விதைகள் பச்சைச் செடிகளையே தந்தன. வெண்கிளைப் பூவின் விதைகள் வெளிறிய நாற்றுகளையே தந்தன. மகரந்தம் எக்கிளையிலிருந்து வந்தது என்பது ஒரு சிறிதும் பொருட்டாகவில்லை. தந்தையும் தாயும் சமபங்கு கொடுப்பர் என்ற மெண்டலின் விதிக்குப் புறம்பாக, தாய்வழியாக மட்டுமே இறங்கும் உரிமையொன்றும் உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இவ்வுரிமை தங்கியிருக்கும் இடம் யாது? உயிரின் ஒவ்வொரு கலத்திலும் நடுவே கரு உண்டு. அதனைச் சூழ்ந்து குழியவுரு உண்டு. விதை உருவாகும்பொழுது தாயின் முட்டைக்கலம் கருவோடு குழியவுருவையும் தருகின்றது. மகரந்தமோ பெரும்பாலும் தன் கருவை மட்டுமே கொணர்கின்றது. அக்குழியவுருவில் மிதக்கும் நுண்ணுறுப்புகளுள் ஒன்று, கலத்துக்கு வேண்டிய சக்தியை ஆக்கித் தருவது. இழையும் மணியும் போன்ற தோற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயரிட்டனர் மேனாட்டார். நம் பாடநூல்கள் அதனையே இழைமணி என்று அழகாக வழங்குகின்றன. இவ்விழைமணிக்குள் கருவிலுள்ளதினின்றும் வேறான மரபுப் பொருள், அதாவது டி.என்.ஏ., உண்டு என்பது 1963ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. ஆகவே தாயிடமிருந்து மகவுக்கும், மகவு வழியே அதன் மகவுக்கும் இறங்கும் தனிச் சொத்தொன்று செடிக்குள்ளே இருக்கின்றது.

இவ்வுண்மை ஆய்வுக்கூடத்தில் முழுமை பெறுமுன்னரே, வயலில் அதன் பயன் கண்டுகொள்ளப்பட்டது. 1925ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் வெங்காயத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்றி ஜோன்ஸ் என்பவர், இத்தாலியச் சிவப்பு வகையைச் சேர்ந்த ஒரு செடியின் பூங்கொத்தில் மகரந்தமே இல்லாமையைக் கண்டார். தன் மகரந்தத்தால் விதை பெற இயலாத அச்செடி அத்தோடு அழிந்திருக்கவேண்டும். நல்லூழாக அதன் பூந்தலையில் விதைக்குப் பதிலாகச் சிறு குமிழ்கள் தோன்றின. யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயத்தைக் குமிழ் நட்டுப் பெருக்குவது போல், அக்குமிழ்களை நட்டு அச்செடியின் வழியை ஜோன்ஸ் காப்பாற்றினார். பல்லாண்டு உழைப்பின் பின்னர், 1943இல் ஜோன்சும் கிளார்க் என்பவரும் அதன் மரபு விதியை வெளியிட்டனர். குழியவுருவில் ஒரு குறையும், அக்குறையைத் திருத்தவல்ல பரம்பரையலகு கருவில் இல்லாமையும் சேர்ந்த இடத்திலேயே மகரந்தம் அற்றுப்போகின்றது என்பதே அவ்விதி.

இக்குறையில் என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். இருவேறு குலத்துச் செடிகளைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை பெரும்பாலும் வீரியம் மிக்கது. ஒரே சீராக விளைவது. ஆனால் கலப்புச் செய்வதற்குத் தாய்ச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதபடி தடுத்தல் வேண்டும். ஒரு வெங்காயப் பூந்தலையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் உள. அவை ஒவ்வொன்றிலும் கேசரத்தைக் கையாற் கிள்ளுவது நடவாத காரியம். தாய்ச் செடிக்கு இயல்பாகவே மகரந்தம் இல்லையெனில் அவ்வேலை முழுவதும் மிச்சமாகின்றது. மலட்டுத் தாயையும் நல்ல தந்தையையும் அடுத்தடுத்த வரிசைகளில் நட்டுவிட்டால், எஞ்சியதை வண்டும் தேனீயும் செய்து முடிக்கும்.

மலட்டுத் தாயின் வழியைக் காப்பதற்கும் உபாயம் கண்டனர். கருவமைப்பில் தாயை ஒத்ததும், குழியவுருவில் குறையற்றதுமான உடன்பிறப்புச் செடியின் மகரந்தத்தைத் தாய்க்கு அளிப்பர். பிறக்கும் விதைகள் எல்லாம் தாயின் குழியவுருவையே பெறுவதால், அவையும் மகரந்தமற்ற பூவையே பூக்கும். நெல், சோளம் முதலிய தானியங்களுக்கு மேலும் ஒரு படி தேவை. உழவன் வயலிற் பூக்கும் செடி மலடாயிருந்தால் மணி பிடிக்காது. ஆதலால் குறையைத் திருத்தும் பரம்பரையலகு உடைய தந்தையையே அவற்றுக்குத் தெரிந்தெடுப்பர். கரட்டுக்கும் கோவாவுக்கும் வெங்காயத்துக்கும் அது வேண்டுவதில்லை. கிழங்கையும் இலையையும் குமிழையுமே நாம் உண்கின்றோம். இக்காரணத்தாலேயே நம் தோட்டத்திற் பூக்கும் சில கலப்பினச் செடிகள் மகரந்தமின்றி நிற்கின்றன.

கரட்டைப் பற்றி ஈண்டு ஒரு செய்தி சொல்லத் தகும். அதில் இருவகை மலடு கண்டறியப்பட்டுள்ளது. 1947இல் விவரிக்கப்பட்ட வகையில் மகரந்தக்கூடு பழுப்பு நிறமாகிச் சுருங்கிவிடும். 1953இல் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெட்சு மாநிலத்தில் ஒரு காட்டுக் கரட்டிற் காணப்பட்ட இரண்டாவது வகையிலோ, கேசரம் தோன்றவேண்டிய இடத்தில் மேலும் ஒரு சுற்று இதழ்கள் தோன்றின. கேசரம் இதழாக உருமாறிவிட்டது! பூவின் எந்த வட்டத்தில் எவ்வுறுப்புத் தோன்றவேண்டும் என்பதைக் கருவிலுள்ள பரம்பரையலகுகளே ஆணையிடுகின்றன என்பது 1990களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அவ்வாணை நிறைவேறுவதற்கு இழைமணியின் இசைவும் வேண்டும் என்பதை இக்காட்டுக் கரட்டு காட்டுகின்றது. கருவும் இழைமணியும் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று பழகியவை. அவ்விணக்கம் குலைந்தால், முதலில் தடுமாறுவது கேசரமே.

கேசரம் மட்டும் தடுமாறுவது ஏன்? இலையும் தண்டும் வேரும் நலமாயிருக்க, மகரந்தம் மட்டும் அழிவானேன்? வளரும் மகரந்தத்தைச் சூழ்ந்து அதற்கு ஊட்டமளிக்கும் மெல்லிய உட்படை ஒன்று மகரந்தக்கூட்டில் உண்டு. மகரந்தம் விளையும் நாட்களில் அப்படையின் கலங்களில் இழைமணிகள் பன்மடங்கு பெருகுகின்றன. சோளத்தில் நாற்பது மடங்களவு பெருகுவதாக 1978இல் ஆய்வாளர் கண்டனர். செடியின் வாழ்வில் இத்துணைச் சக்தி வேண்டப்படும் தருணங்கள் மிகச் சில. மற்றைய நாட்களில் சிறு குறையோடு காலந்தள்ளிய இழைமணி, அந்தப் பெரும் வேலை வந்தபொழுது தளர்ந்து விழுகின்றது. உட்படை அழிகின்றது, மகரந்தமும் ஊட்டமின்றி மடிகின்றது.

இனி, இவ்வரலாற்றின் துயர அத்தியாயத்துக்கு வருவோம். தமிழகத்தார் மக்காச்சோளம் என்றும் நாம் சோளம் என்றும் கூறும் பயிரில், ஆண் பூ செடியின் உச்சியிற் கதிர் போல் நிற்கும். கலப்பின விதை செய்வதற்காக ஐக்கிய அமெரிக்காவில் கோடைதோறும் பல்லாயிரம் தொழிலாளரும் மாணவரும் வயலில் இறங்கி அவ்வுச்சிப் பூவைக் கையாற் பிடுங்கினர். டெக்சாஸ் மாநிலத்திற் கண்டெடுக்கப்பட்ட ஒரு மலட்டுக் குழியவுருவை இதற்குப் பயன்படுத்தலாம் என்று 1952இல் ரொஜர்சும் எட்வர்ட்சனும் எழுதினர். விதை உற்பத்தியாளர் அதனை ஆர்வத்தோடு ஏற்றனர். கூலிச் செலவு மிச்சமாயிற்று. 1970ஆம் ஆண்டளவில் அந்நாட்டுச் சோளத்தில் நூற்றுக்கு 85 பங்களவு அந்த ஒரே டெக்சாஸ் தாயின் குழியவுருவைத் தாங்கியதாயிருந்தது.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1961இலேயே பிலிப்பைன்ஸ் நாட்டில் மெர்க்காடோ, லன்ரிக்கன் என்னும் இருவர், டெக்சாஸ் குழியவுருவுடைய சோளம் இலைக்கருகல் நோய்க்கு மிக எளிதில் இரையாகின்றது என்று வெளியிட்டனர். அமெரிக்க வயல்களில் அவ்வேளை அத்தகைய கேடு தோன்றாமையால் அக்குரல் பெரிதாக மதிக்கப்படவில்லை. 1970இல் அந்நோயைத் தரும் பங்கசின் புதிய வகையொன்று தெற்கே புளோரிடாவிற் பரவி, ஈரக்காற்றோடு வடக்கே ஏறி, அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள சோள வயல்களை அடைந்தது. அவ்வாண்டு நாடு முழுவதுக்குமான சோள விளைச்சலில் நூற்றுக்கு 15 பங்களவு அழிந்தது. இழப்பு நூறு கோடி டொலர் அளவினது என மதிப்பிட்டனர்.

காரணம் பின்னரே முழுமையாக விளங்கிற்று. டெக்சாஸ் சோளத்தின் இழைமணி மரபுப் பொருள் ஏனைய சோளத்தினதினின்றும் வேறுபட்டது என்பதை 1976இல் லெவிங்சும் பிறிங்கும் காட்டினர். 1986இல் அதன் குற்றவாளியான பரம்பரையலகு இனங்காணப்பட்டது. அது ஆக்கும் சிறு புரதம் இழைமணியின் உட்சவ்விற் பதிந்து கிடக்கின்றது. பங்கசின் நஞ்சு அப்புரதத்தைப் பற்றியவுடன் சவ்வில் துளை விழுகின்றது, கலம் மடிகின்றது. மகரந்தத்தை அழித்து மனிதனுக்கு உதவிய அதே பொருள், நோய்க்கும் வாயிற் கதவாக நின்றது.

நேயர்களே, இச்செய்தியைப் படிக்கும் ஊவா மகனொருவனுக்கு மடூல்சீமை நினைவுக்கு வராமற் போகாது. கோப்பி இலையைச் செம்மஞ்சட் பொடியாற் போர்த்தும் துரு நோய் இந்நாட்டில் 1869ஆம் ஆண்டில் நம் மடூல்சீமைத் தோட்டங்களிலேயே முதலிற் கண்டறியப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி என்னும் பங்கசு அறிஞர், அழிப்பது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அப்பெயரின் பொருளைத் தோட்ட உரிமையாளர் உடனே உணரவில்லை. கோப்பி விலை ஏறியிருந்தமையால் மேலும் மேலும் காடு வெட்டிக் கோப்பியே நட்டனர். 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் ஒரே பயிர் மலைகளை மூடி நின்றது. 1880இல் இங்கு வந்து இரண்டாண்டுக் காலம் ஆராய்ந்த மார்ஷல் வோர்ட், நோயின் வித்திகளைக் காற்றே செடிக்குச் செடி கொண்டுசெல்கின்றது என்பதை விளக்கினார். இடைவெளியின்றி ஒரே செடி நிற்கும் நிலத்தில் காற்றைத் தடுப்பது எங்ஙனம்? அந்நூற்றாண்டு முடியுமுன் கோப்பிப் பயிர் ஏறத்தாழ மறைந்தது. தோட்டங்கள் கைமாறின, பல கைவிடப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து அக்கோப்பிக் காடுகளை உண்டாக்கிய நம் முன்னோருட் பலர், கூலி பாக்கியோடு நின்றனர். தேயிலை வந்தே இம்மலைகளுக்கு மறுவாழ்வு தந்தது.

மடூல்சீமைக் கோப்பிக்கும் அமெரிக்கச் சோளத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒரு வேற்றுமையும் உண்டு. இரண்டிலும் ஒரே தன்மையுடைய பயிர் பெருநிலத்தை மூடியது. எச்சரிக்கை வந்தும் இலாபம் அதனை மறைத்தது. வேற்றுமை யாதெனில், கோப்பியின் ஒருமை கண்ணுக்குத் தெரிந்தது. மலையில் நின்று பார்த்தாலே எங்கும் கோப்பி. சோளத்தின் ஒருமையோ கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே பற்பல பெயர்களில் பற்பல கலப்பினங்கள் விற்கப்பட்டன, தந்தையர் பலர், உயரமும் கதிரின் அளவும் விளையும் காலமும் வெவ்வேறு. உழவனுக்குத் தன் வயலும் அண்டை வயலும் வேறு வகை என்றே தோன்றின. ஆனால் அத்துணைக்கும் தாய் ஒருத்தியே. கருவை மட்டும் எண்ணிப் பன்மை உண்டென்று நம்பியவர்கள், குழியவுருவை எண்ண மறந்தனர். தாய்வழிச் சொத்தைக் கணக்கில் எடுக்காத அம்மறதியே அந்த ஆண்டின் கேட்டுக்கு வாயிலாயிற்று.

இதனாற் கலப்பின விதையே தீயது என்று கூறுதல் பொருந்தாது. 1970ஆம் ஆண்டு நவம்பரில் சீனத்தின் ஹைனான் தீவில், யுவான் லோங்பிங்கின் உதவியாளர் மகரந்தமற்ற ஒரு காட்டு நெல்லைக் கண்டெடுத்தனர். அதன் வழிவந்த கலப்பின நெல் 1976 முதல் அந்நாட்டிற் பெரிதும் பரவி, கோடிக்கணக்கானோர் பசி தணித்தது. அமெரிக்கச் சோளம் கருகிய அதே ஆண்டில், அதே வகைக் குறைபாடு சீனத்து நெல்லுக்கு வாழ்வளித்தது என்பது வரலாற்றின் விந்தை. இந்தியாவில் 1965இல் வெளியிடப்பட்ட கலப்பினக் கம்பும் இவ்வழியினதே. அது விளைச்சலைப் பெருக்கியது. 1970களில் அடிச்சாம்பல் நோய்க்குப் பெரிதும் இரையுமாயிற்று. பின்னர் ஆராய்ந்தபொழுது, அங்கு நோய்க்கு இடங்கொடுத்தது குழியவுரு அன்று, கருவிலிருந்த மென்மையே என்பது தெரிந்தது. ஆகவே எல்லாக் குழியவுருவும் டெக்சாஸ் குழியவுரு ஆகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தறிதல் வேண்டும் என்பதே கற்ற பாடம்.

கோவாவின் கதை, பொறுமையான சோதனை என்ன தரும் என்பதற்குச் சான்று. 1968இல் யப்பானிய ஆய்வாளர் ஒகுரா ஒரு முள்ளங்கியில் மகரந்த மலட்டைக் கண்டார். அக்குழியவுருவைப் பிரெஞ்சு ஆய்வாளர் கோவாவின் குடும்பத்துள் ஏற்றினர். மகரந்தம் அற்றது, ஆனால் குளிர் வந்தால் இலை வெளிறியது. முள்ளங்கியின் பச்சையத்தைத் தாங்கும் நுண்ணுறுப்புகளும் குழியவுருவோடு கூடவே வந்து, கோவாவின் கருவோடு ஒத்துழைக்க மறுத்தமையே காரணம். 1983இல் பெல்த்தியேயும் அவர்தம் குழுவினரும் கலங்களை ஒன்றிணைத்து, பச்சைய உறுப்பை ஒரு தாயிடமிருந்தும் இழைமணியை மற்றொரு தாயிடமிருந்தும் பெற்ற செடிகளைத் தெரிந்தெடுத்தனர். இன்று உலகில் விற்கப்படும் கலப்பினக் கோவா விதைகளுட் பல இவ்வழியே வந்தவை.

இவ்வரலாறு நமக்குக் கூறும் அறிவுரை யாது? மொனராகலையிலும் மகியங்கனைப் பக்கத்திலும் சோளம் விதைப்பவரும், வெலிமடையிற் கரட்டு விதைப்பவரும் ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுதல் நலம். இவ்விதையும் அவ்விதையும் பெயரில் வேறு, தாயிலும் வேறுதானா? விற்பவரிடம் விடை இராது போகலாம். விவசாயத் திணைக்களத்தாரிடமும் விதையை இறக்குவிப்பவரிடமும் கேட்கும் உரிமை உழவனுக்கு உண்டு. ஒரே போகத்தில் ஒரே விதையால் நிலம் முழுவதையும் நிரப்பாமல், இரண்டு மூன்று வகைகளைப் பகிர்ந்து விதைப்பதும் தக்கது. லயத்தோரத்துத் தோட்டத்தில் பாட்டிமார் ஆண்டுதோறும் எடுத்துவைக்கும் அவரை, பூசணி, மிளகாய் விதைகளை, புதிய விதை வந்துவிட்டது என்பதற்காக வீசிவிடலாகாது. இத்தகைய பழைய விதைகளைக் காப்பதற்கென்றே 1988 முதல் கன்னொறுவையில் தாவர மரபுவள நிலையம் இயங்கி வருகின்றது. நாடு செய்யும் அவ்வேலையை வீடும் செய்தல் இயலும்.

தேயிலைக்கும் இது பொருந்தும். நம் பழைய மலைகளில் நிற்கும் விதைத் தேயிலை, செடிக்குச் செடி குணத்தில் வேறுபட்டது. 1946இல் கொப்புள நோய் இந்நாட்டுக்கு வந்தபொழுது எல்லாச் செடிகளும் ஒரே அளவிற் பாதிக்கப்படவில்லை. வெட்டுத்துண்டிலிருந்து வளரும் வீ.பி. தேயிலை விளைச்சலில் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வகையின் செடிகள் அனைத்தும், கருவிலும் இழைமணியிலும், ஒரே செடியின் படிகளே. மலை முழுவதும் ஒரே வகையை நடும்பொழுது, கோப்பி நின்ற இடத்தில் நாம் நிற்கின்றோம் என்பதை மறத்தலாகாது. மலைதோறும் வகைகளை மாற்றி நடுவதும், விதைத் தேயிலையிற் சில பகுதிகளை விட்டுவைப்பதும் பெருஞ்செலவு ஆகா. கொழுந்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அதுவே காப்பு.

மடூல்சீமையில் நோய் தோன்றியதற்கும் கோப்பி வீழ்ந்ததற்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டு இருந்தது. பிலிப்பைன்ஸ் எச்சரிக்கைக்கும் அமெரிக்க அழிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டு இருந்தது. இரு முறையும் காலம் இருந்தது, கேட்பார் இலர். அடுத்த எச்சரிக்கை எந்தப் பயிரின் எந்தப் பூவிலிருந்து வருமோ, யாரறிவார்! அது வரும்பொழுது விளங்கிக்கொள்ளத்தக்க அறிவையேனும் நம் பிள்ளைகளுக்கு இன்றே கொடுத்துவைப்போமாக.